அரைக் கட்டை மேலே

அண்ணா,

அன்று இறங்கியிருந்தது இசையா, அதைக் கேட்டுக்கொண்டிருந்த நீயா? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்று சாயங்காலம் மன்னி உன் ரெக்கார்டு பிளேயரை டாக்ஸியில் வைத்துக் கொண்டுவந்தாள். மாட்டுங்கா வீட்டைக் காலி செய்துவிட்டு விக்ரோலியில் மகளோடு இருக்கப் போகிறாள். அங்கே இதற்கு இடமில்லை. மூடியைத் திறந்ததும் பழைய ரப்பரும் சூடேறிய தூசியுமாக அந்த வாசனை வந்தது. பொருள்களைச் சேர்த்துவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் மூடியை உடனே மூட முடியவில்லை.

கூடவே வந்த உறைக்குள், நீ ஓயாமல் கேட்ட அந்த சிம்பொனியின் இசைத்தட்டு இருந்தது. ஃபோர்ட் பக்கம் நடைபாதையில் பேரம் பேசி நீ வாங்கிவந்த தட்டு. உறையின் பின்பக்கம் ஜி மைனர் என்பது துயரத்தின் சுருதி என்று எவரோ ஒரு பத்தி எழுதியிருக்கிறார். ஜி என்றால் நம் கணக்கில் ஐந்து கட்டை. நீ அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "அப்போ அஞ்சு கட்டையிலே பாடறவா எல்லாம் அழுதுண்டா இருக்கா?" என்று கேட்டாய். எனக்கும் அதே சந்தேகம்தான். ஒரு சுருதிக்கென்று தனியாக ஒரு மனநிலை உண்டு என்பதை இயற்பியல் படித்த நான் இன்றும் நம்பவில்லை.

நம் வீட்டில் இருந்தது ஒரே கூடம். விளக்கேற்றியதும் அம்மா சுருதிப் பெட்டியைப் போட்டுவிடுவாள். பாடுகிறாளோ இல்லையோ, படுக்கும்வரை அது ஓடும். நீ வங்கியிலிருந்து வந்து அந்தத் தட்டை முதன்முதலாகச் சுழலவிட்ட அன்று, அம்மா கரண்டியோடு சமையலறை வாசலுக்கு வந்துவிட்டாள்.

"ஏண்டா, சுருதி சேராம என்ன பாட்டு இது? பல் கூசறது."

"அம்மா, அது வெள்ளைக்காரன் சுருதி."

"எவன் சுருதியா இருந்தா என்ன? இது என் வீடு. சேர்த்து வை, இல்லேன்னா நிறுத்து."

பிளேயரின் ஓரத்தில் வேகத்தைக் கொஞ்சம் கூட்டவோ குறைக்கவோ ஒரு சின்னக் குமிழ் உண்டு. மோட்டார் தளர்ந்தால் சரிசெய்வதற்காக வைத்தது. நீ காதைச் சுருதிப் பெட்டிப் பக்கம் வைத்துக்கொண்டு அதைத் திருப்பினாய். தட்டு வேகமெடுத்தது. சுருதியும் கூடவே ஏறி, அம்மாவின் ஐந்தரைக் கட்டையில் வந்து உட்கார்ந்தது. மொத்த வாத்தியக் குழுவையும் அம்மாவோடு சேர்த்துவிட்டாய். "இப்போ சரி," என்று சொல்லிவிட்டு அவள் குழம்பைப் பார்க்கப் போனாள். அதற்குப் பிறகு அந்தக் குமிழை யாரும் தொடவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்த இசை தன் ஆதார ஸ்வரத்தை விட்டு வேறொன்றுக்கு நகரும். சுருதிப் பெட்டியோ இருந்த இடத்திலேயே நிற்கும். இரண்டும் உரசும்போது உள்ளிருந்து அம்மாவின் குரல் வரும்: "ஓடிப்போயிட்டான்!" சுற்றி அலைந்துவிட்டு அது திரும்பியதும், "வந்துட்டான்." வருஷக்கணக்காக அந்த சிம்பொனிக்கு நம் வீட்டில் இருந்த விமரிசனம் இவ்வளவுதான்.

எங்கும் இல்லாத ஓர் இசையைத்தான் நாம் கேட்டு வளர்ந்தோம் என்பது எனக்கு வெகுகாலம் உறைக்கவில்லை. கடைசி மாதங்களில், ஆஸ்பத்திரி பக்கம் என்பதால் செம்பூரில் என்னோடு இருந்தாய். ஒருநாள் அதைக் கேட்க வேண்டும் என்றாய். என் ஃபோனில் தேடிப் போட்டேன். அதே குழு, அதே ஒலிப்பதிவு.

"என்னடீ இது, இப்படி இறங்கிக் கிடக்கு? காலை இழுத்துண்டு நடக்கிற மாதிரி."

"இதுதான் அண்ணா நிஜமான வேகம். நீதான் இத்தனை நாளா ஏத்தி வெச்சிருந்தே."

"நிஜம்தான். அதான் கேக்க முடியலே."

நான் சிரித்தேன். நீ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாய். பிறகு அதைக் கேட்கவே இல்லை. அது அரைக் கட்டை கீழே ஒலித்தது உண்மை. ஆனால் அந்த அரைக் கட்டை மட்டுமா உன்னைத் திரும்பிப் படுக்கவைத்தது?

உன் வேகத்தில் அதை இன்னொரு முறை கேட்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் இன்று மூடியைத் திறந்தபோது குமிழ் நட்டநடுவில் நின்றிருந்தது. யார் திருப்பியது என்று மன்னியிடம் கேட்டேன். மன்னியின் முகம் மாறிவிட்டது.

"கொண்டுவரோமேன்னு துணி போட்டுத் துடைச்சேன். ஏதோ திரும்பித்து. தப்புப் பண்ணிட்டேனா?"

"ஒண்ணுமில்லை மன்னி," என்றேன். அவள் போன பிறகு குமிழைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நீ வைத்த இடத்தைக் காட்ட அதில் ஒரு கீறல்கூட இல்லை.

இவ்வளவும் நேற்று எழுதியது. இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

மதியச் சாப்பாட்டுக்கு மன்னியை வரச் சொல்லியிருந்தேன். அவள் கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஃபோனில் தம்பூரா செயலியைத் திறந்து ஐந்தரைக் கட்டையில் வைத்தேன். தட்டைச் சுழலவிட்டுக் குமிழை மெல்லத் திருப்பினேன். முதலில் பல் கூசியது. பிறகு உரசல் மெலிந்தது, நின்றது. அந்த வேகம்தான். மன்னி ஈரக் கையோடு வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இசை நகரத் தொடங்கியது. "ஓடிப்போயிட்டான்," என்றாள் மன்னி, யாரிடமும் இல்லாமல். காத்திருந்தோம். அது திரும்பி வந்தபோது நாங்கள் இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பக்கம் முடிந்து முள்ளைத் தூக்கி வைத்தேன். தம்பூராவை அணைக்கக் கை நீட்டினேன்.

"இருக்கட்டும்," என்றாள்.

நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.