நாற்பத்து நான்கு கிலோ மெழுகு

புனித பிரான்சிஸ் துணை.

அன்பு மகள் எடிலேனிக்கு அம்மா எழுதுவது.

போன ஞாயிறு மத்தியானம் நீ போன் பண்ணியபோது நம் வீட்டு மேசையில் இருந்தவர்கள்: நான், உன் அப்பா, உன் அத்தை சுலெய்தி, உன் அண்ணன் ஜெனிவால்டோ, விருந்துக்கு வந்த பங்குச் சாமியார் எவெரார்டோ. வேறு ஒரு ஈ காக்கா இல்லை. இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் உன் அத்தை இப்போது ரொட்டிக் கடையில் நின்று வேறு கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள், இங்கே சொன்னது நீ இருக்கும் சாவோ பாவுலோவுக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்?

இங்கே எல்லாரும் சாமி புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். மழை ஏமாற்றவில்லை, தொட்டியில் தண்ணீர் நிற்கிறது, வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, உன் அப்பா ரத்தக் கொதிப்பு மாத்திரையை நான் கையில் வைத்தால்தான் விழுங்குகிறார். நீ நலமா என்று கேட்க மாட்டேன். நலமில்லை என்று நீயே உன் வாயால் சொன்னாய். காலையில் கறுப்புக் காப்பி, ராத்திரி ஒரு கிண்ணம் ஜெல்லி, சத்து மாத்திரையும் நிறுத்தியாயிற்று, சீப்பில் கொத்துக் கொத்தாக முடி, பஸ்ஸில் நிற்கும்போது கண் இருட்டுகிறது, ஆனாலும் தராசு முள் எண்பத்தேழு கிலோவிலேயே நிற்கிறது, அதனால் ஒரு தனியார் கிளினிக்கில் இரண்டாவது தடவை வயிற்றைச் சுருக்கிக்கொள்ளப் போகிறேன், அறுபத்திரண்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம் என்கிறார்கள் என்று கடை திறந்த சேதி மாதிரி சொன்னாயே, அப்போது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாயா? அதுகூடப் பரவாயில்லை. உன் அத்தை கோழித் துண்டைத் தட்டில் வைத்துவிட்டு, பாத்தியா அண்ணி, புனிதர் வழி திறந்துட்டார், இன்னும் இருபத்தஞ்சு கிலோதான் பாக்கி என்று சொல்லிக் கை தட்டினாள். மேசை நடுவில் ஸ்பீக்கரில் போட்டிருந்த போனை நான் எடுத்து அணைத்தது அதனால்தான். லைன் கெட்டுப்போகவில்லை.

அந்த இருபத்தைந்து எங்கிருந்து வந்தது என்பதை நீ ஒரு தடவையாவது உட்கார்ந்து யோசித்தாயா? நீ ஆபரேஷன் மேசையில் படுத்திருந்தபோது, உன்னையும் கேட்காமல் என்னையும் கேட்காமல், நவநாள் ஜெபத்தில் எழுந்து நின்று நேர்ந்தவள் அவள். எடிலேனி அறுபத்திரண்டு கிலோவுக்கு இறங்குவாள், அவள் உடம்பு இழக்கும் அறுபத்தொன்பது கிலோவையும் மெழுகாகப் புனிதர் காலடியில் வைப்பேன் என்று ஊரைச் சாட்சி வைத்துச் சொன்னாள். அறுபத்திரண்டு யார் சொன்ன கணக்கு? டாக்டரா? நீ பதினைந்து வயதில் ஜூன் திருவிழாவில் சோள ராணியாகக் கிரீடம் வைத்து நின்றாயே, அன்றைக்கு மருந்துக்கடைத் தராசில் ஏறிய எடை அது. அந்தப் போட்டோ இன்னும் அவள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. முப்பத்தாறு வயதுக்காரியின் உடம்பைக் கொண்டுபோய்ப் பதினைந்து வயதுக் குழந்தையின் கிரீடத்துக்குள் திணிக்கப் பார்க்கிறாள், கேட்டால் பக்தி என்கிறாள். தெருப் பெண்கள் எரிந்து மிஞ்சிய மெழுகுத் துண்டுகளைச் சேர்த்து உருக்கி நம் பின்கட்டில்தான் அடுக்கினார்கள், எனக்குச் சோளம் வைக்க இடமில்லை. ரொட்டி வாங்கப் போனால், மரினால்வா அக்கா, உங்க பொண்ணு புனிதருக்கு இன்னும் எவ்வளவு தரணும் என்று கேட்கிறார்கள். தராசில் வைத்த ஆட்டைப் பற்றிக் கேட்பது மாதிரி.

உன் மேலும் கோபம்தான். அந்த அரசாங்க ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். பள்ளிக்கூடம் போகாதவள்தான், எழுத்தை நானாகக் கூட்டிப் படித்தவள்தான், ஆனால் காது கேட்கும். டாக்டரம்மா முதல் நாளே என்ன சொன்னார்கள்? நூற்றுமுப்பத்தொன்றில் வந்திருக்கிறாய், முதலில் பத்துக் கிலோ குறைத்துக்கொண்டு வா, கல்லீரல் சுருங்கினால்தான் கத்தி வைக்க எனக்கு இடம் கிடைக்கும் என்றார்கள். அதை நீ செய்தாய். ரொட்டியையும் சோடாவையும் விட்டு, அழுது அழுது நடந்து செய்தாய், நான் பார்த்தேன். பிறகு நீ கேட்டாய், அறுபது வருமா டாக்டர் என்று. அவர்கள் சிரிக்கவில்லை. கூடுதலாக இருக்கும் எடையில் மூன்றில் இரண்டு பங்கு போனால் அதுவே நல்ல வெற்றி, உன் உயரத்துக்கு எண்பத்தைந்து, தொண்ணூறு பக்கம் வந்து நிற்கலாம், ஒன்றரை வருஷம் ஆகும், அதற்கு மேல் எங்கே நிற்பது என்று உன் உடம்புதான் சொல்லும், நானும் சொல்ல முடியாது நீயும் சொல்ல முடியாது என்றார்கள். இப்போது ஒன்றரை வருஷம், எண்பத்தேழு. அவர்கள் சொன்ன இடத்தில் அப்படியே வந்து நிற்கிறாய், அதைத் தோல்வி என்கிறாய்! சர்க்கரை மாத்திரை நின்றது. முகத்தில் மூச்சுக் குழாய் மாட்டாமல் தூங்குகிறாய். மூன்றாம் மாடிக்கு இரண்டு பையோடு ஏறுகிறாய் என்று நீயே பெருமையாகச் சொன்னாய். இதெல்லாம் மெழுகில் எடை போட முடியாது என்பதால் கணக்கில் வராதா?

போனை அணைத்த கையோடு நான் சாமியாரிடம் திரும்பினேன். ஒருத்தி இன்னொருத்தியின் சதையை நேர்ந்துவிடலாமா, சாமி, என்று நேராகவே கேட்டேன். உன் அப்பா, மரினால்வா, அவர் முதல்ல சாப்பிடட்டும் என்றார். அவர் சாப்பிடட்டும், என் மகள் பட்டினி கிடக்கட்டும், நல்ல நியாயம் என்றேன். சாமியார் கை கழுவி வந்து சொன்னார்: தன்னுடையதை ஒருவர் நேரலாம், தன் நடை, தன் நோன்பு, தன் உழைப்பு. வயது வந்த இன்னொருவர் உடம்பை நேர முடியாது, அது எடிலேனியைக் கட்டாது. நேர்ந்தவள் மனசு உறுத்தினால் அவள் நேர்த்தியை நானே மாற்றிக் கொடுக்கிறேன், இருக்கிற மெழுகில் அந்தப் பெண் இழந்த எடை அளவுக்கு எடுத்து வைத்து நன்றி சொல்லுங்கள், மிச்சத்துக்குச் சுலெய்தி புனிதர் உடுத்தியது மாதிரி பழுப்பு அங்கி போட்டுத் திருவிழாவுக்கு நடந்து வரட்டும். உன் அத்தை உடனே, ஐயோ சாமி, என் மூட்டு என்றாள். உன் மூட்டுக்கு வலி தெரியுது, என் பொண்ணு வயித்துக்குத் தெரியாதா என்று கேட்டேன். ஜெனிவால்டோ சிரித்துவிட்டான், அத்தை, மெதுவா நட, ரெண்டு கிலோ உனக்கும் குறையும் என்றான். அவள் அழுதாள். கெட்டவள் இல்லை, எனக்கும் தெரியும், உன் ஆபரேஷன் அன்று சாப்பிடாமல் முழங்காலில் கிடந்தவள் அவள்தான். ஆனால் பாசம் இருப்பவர்கள் சொல்வதால் ஒரு தப்பான எண் சரியான எண் ஆகிவிடாது.

மறுநாளே ஜெனிவால்டோ அந்தக் குவியலிலிருந்து எடுத்து, தீவனக் கடைத் தராசில் மெழுகை நிறுத்தான். சரியாக நாற்பத்து நான்கு கிலோ, நானே முள்ளைப் பார்த்தேன். லாரியில் ஏற்றிக்கொண்டுபோய்ப் புனிதர் கோயிலில் நேர்த்திப் பொருள் வைக்கும் கூடத்தில் கொடுத்துவிட்டு, என் மகளுக்காக நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன். மிச்ச மெழுகைத் தெருப் பெண்களிடமே கொடுத்துவிட்டேன், கரண்ட் போனால் எரியட்டும். ஆகவே கேட்டுக்கொள்: நீ யாருக்கும் எதுவும் தரவேண்டியதில்லை. புனிதருக்கும் இல்லை, அத்தைக்கும் இல்லை, அந்தப் போட்டோவில் நிற்கும் பெண்ணுக்கும் இல்லை.

இனி நீ செய்யவேண்டியது. அந்தக் கிளினிக்குக்குப் போன் பண்ணி வரவில்லை என்று சொல். உன்னை முதலில் அறுத்த டாக்டரம்மாவிடம் போய், முடி கொட்டுவதையும் கண் இருட்டுவதையும் மறைக்காமல் சொல், ரத்தம் சோதிக்கச் சொல், நிறுத்திவைத்திருக்கும் சத்து மாத்திரைகளை அவர்கள் சொல்கிறபடி மறுபடி ஆரம்பி. உன்னைத் தொட்டுப் பார்த்து இன்னொரு ஆபரேஷன் தேவை என்று அவர்களே சொன்னால் நான் குறுக்கே நிற்க மாட்டேன், நானே வந்து உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருவேன். ஆனால் ஒரு எண்ணுக்காக வேண்டாம். அதுவரை முட்டை சாப்பிடு, மீன் சாப்பிடு, கொஞ்சம் கொஞ்சமாக மென்று சாப்பிடு. அத்தை போன் பண்ணினால் பேசு, மரியாதையாகப் பேசு, எடை எவ்வளவு என்று கேட்டால் அம்மாவைக் கேளுங்கள் என்று சொல்லிவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாதா உன்னைத் தன் போர்வைக்குள் வைத்துக்கொள்ளட்டும், உனக்கு நல்ல பசியும் நல்ல தூக்கமும் தரட்டும். ஜெபமாலையை விடாதே. அப்பாவும் அண்ணனும் முத்தம் எழுதச் சொன்னார்கள்.

இத்தனை திட்டியும் ஆத்திரம் அடங்கவில்லை, உன் குரல் ஞாயிறு அன்று அவ்வளவு மெலிந்திருந்தது. பதிலில் முள் எங்கே நிற்கிறது என்று எழுதாதே. காலையில் என்ன சாப்பிட்டாய், மத்தியானம் என்ன சாப்பிட்டாய், கிளினிக்குக்குச் சொல்லிவிட்டாயா, இவ்வளவு எழுதினால் போதும். சீக்கிரம் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
மரினால்வா