உன் படிப்பைப் பற்றி வீட்டில் நடந்த கூட்டம்

அன்பு மகள் குட்டிக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் அந்தக் கணக்கில் சேராது. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தலையைக் காயவைத்துத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். விடுதி அறையில் உன்கூட இருக்கும் பெண் இப்போதாவது ஜன்னலைத் திறக்க விடுகிறாளா? எங்கள் ஆஸ்பத்திரி சலவைப் பகுதிக்குப் புது இயந்திரம் வந்திருக்கிறது. பழையதைவிடச் சத்தம் குறைவு, அதனால் மேற்பார்வையாளர் திட்டுவது இப்போதுதான் எங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறது.

வரலாற்றை விட்டு வணிகவியலுக்கு மாறிவிடு, மாதக் கடைசிக்கு மேல் கல்லூரியில் மாற விடமாட்டார்கள் என்று அப்பா போனில் சொன்னதும் நீ அழுதுகொண்டே வைத்துவிட்டாய். அன்று அவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் தனியாக முடிவெடுக்கப் பயந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் ஒரு கூட்டம் கூட்டிவிட்டார். உன் சித்தப்பா வந்தார், இன்ஷூரன்ஸ் விற்பதால் எல்லாருடைய எதிர்காலமும் தன் பைக்குள் இருப்பதாக அவருக்கு நினைப்பு. என் அண்ணன், உன் லிஃப்ட் மெக்கானிக் மாமாவும் வந்தார். இவர்களில் ஒருவரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை, ஆகவே கல்லூரியைப் பற்றிப் பேச அவர்களுக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. "செத்துப்போன ராஜாவைப் பத்திப் படிச்சா, உயிரோட இருக்கிறவன் எவன் வேலை கொடுப்பான்?" என்று சித்தப்பா ஆரம்பித்தார். மாமா அவரையும் மிஞ்சி, "லிஃப்ட்டைப் பாருங்க மாப்ளே, மேல போகும், கீழ போகும். பின்னாடி போற லிஃப்ட்டை எங்கயாவது பாத்திருக்கீங்களா?" என்றார். அப்பா என்னவோ பெரிய விஷயத்தைக் கேட்டதுபோலத் தலையாட்டினார். "முன்னாடி போற லிஃப்ட்டும் கிடையாதே அண்ணா" என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

நடந்து முடிந்ததை மறந்துவிட்டு இனி நடக்கப்போவதைத்தான் பார்க்க வேண்டும் என்று மூன்று பேரும் ஒருமனதாக முடிவு செய்து டீயைக் கையில் எடுத்தார்கள். அது ஆறுவதற்குள் சித்தப்பா, "நான் எதையும் மனசுல வெச்சுக்கிற ஆள் இல்ல. அந்தக் கல்யாண போட்டோ ஒண்ணுதான்" என்றார். உன் அத்தை கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படத்தில் அவர் இல்லை, உனக்குத் தெரியும். நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது. படம் எடுக்கப்போகும் நேரம் பார்த்து அப்பா வேண்டுமென்றே அவரை ஐஸ் வாங்க அனுப்பிவிட்டாராம், அந்தக் கோபத்தில்தான் இன்றுவரை நம் வீட்டு நாற்காலியில் அவர் நுனியிலேயே உட்காருகிறார். அப்புறம் கேட்க வேண்டுமா, வேன் எப்போது வந்தது, யார் எந்த வாசலில் நின்றார்கள், படக்காரர் யாரைக் கூப்பிட்டார் என்று ஒரே வாக்குவாதம். பழையதைப் படிப்பது வீண் என்று சொல்ல வந்தவர்கள் இருட்டும்வரை அதை விட்டு எழுந்திருக்கவில்லை. எல்லாரையும்விட மாமாதான் விவரமாகச் சொன்னார், அப்பா எப்படி விரலை நீட்டி அனுப்பினார் என்று எழுந்து நின்று நடித்தே காட்டினார்.

லீவுக்கு வந்தபோது என்னோடு துணி மடித்துக்கொண்டே நீ சொன்னாயே, ஒருவர் ஒன்றைச் சொன்னால் அவர் அங்கே இருந்தாரா, இல்லையென்றால் யார் சொல்லிக் கேட்டார் என்று முதலில் பார்க்க வேண்டும் என்று. அது என் வாயில் வந்துவிட்டது. "அண்ணா, நீங்க அந்தக் கல்யாணத்துக்கே வரலையே, வெளியூர்ல வேலையில இருந்தீங்களே" என்றேன். வரவில்லை என்றால் என்ன, கேள்விப்பட்டேன் என்றார். யார் சொல்லி என்றேன். "வேற யாரு, உன் கொழுந்தன்தான்" என்றார். சித்தப்பா பாதி பிஸ்கட்டோடு நிமிர்ந்து, "நானா? ஐஸ் வாங்கப் போனேன், வந்தா போட்டோ முடிஞ்சிருச்சுன்னு மட்டும்தான் சொன்னேன். வேணும்னே அனுப்பியிருக்காருன்னு நீங்கதானே எங்கிட்ட சொன்னீங்க!" என்றார். ஒருவரை ஒருவர் சாட்சியாக வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் கோபத்தில் இருந்திருக்கிறார்கள். "பொண்ணுதான் காலேஜ் போறான்னு நினைச்சேன் அண்ணி, நீங்களும் கூடவே போறீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சித்தப்பா பையைத் தூக்கிக்கொண்டார். மாமாவுக்குத் திடீரென்று எங்கேயோ ஒரு லிஃப்ட் நின்றுபோய்விட்டது.

ஜெயித்துவிட்டேன் என்ற நினைப்பில் நான் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து துடைக்கிற துணியைக் கையில் எடுத்தார். அவர் அந்தத் துணியைத் தொட்டாலே ஏதோ விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். "தம்பி நினைச்சது நிஜம்தான். தெரிஞ்சேதான் அனுப்பினேன்" என்றார். சித்தப்பாவின் சட்டை அன்று தோளில் கிழிந்திருந்ததாம், மாப்பிள்ளை வீட்டார் பார்க்கிற படத்தில் அது தெரிய வேண்டாம் என்று நினைத்தாராம். அந்தச் சட்டையே அப்பா போட்டுப் பழசாக்கிக் கொடுத்ததுதான், குட்டி. சாட்சி இரண்டும் தேறவில்லை, ஆனால் விஷயம் உண்மை. இதற்கு உங்கள் வகுப்பில் என்ன செய்வீர்களோ தெரியாது, எனக்குத் தெரிந்ததை நான் செய்தேன். முதலில் உங்கள் தம்பியிடம் போய் இதைச் சொல்லிவிட்டு வாருங்கள், அப்புறம் மகள் என்ன படிக்க வேண்டும் என்று பேசலாம் என்றேன்.

இரண்டு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். நேற்று வேலை முடிந்து நேராகச் சித்தப்பா வீட்டுக்குப் போயிருக்கிறார். சித்தப்பா தெருவே கேட்கும்படி கத்தினாராம், கதவைச் சாத்தினாராம், மறுபடி திறந்து, "இதைச் சொல்ல இவ்வளவு வருஷமா அண்ணே?" என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல், "மாற வேண்டாம்னு அவளுக்கு எழுதிடு. ஆனா லீவுக்கு வந்தா என்கிட்ட எதுவும் கேக்கக் கூடாது" என்றார். நீ முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொள்.

சித்தப்பா உனக்குப் போன் செய்தாலும் செய்வார், எடுத்துப் பேசு. வகுப்பில் சந்தேகம் வந்தால் கூச்சப்பட்டுக் குனிந்து உட்காராமல் கையைத் தூக்கு. நீ ஆசைப்பட்ட படிப்பு உனக்கு நல்லபடியாக அமையட்டும், உடம்பும் மனசும் தெம்பாக இருக்கட்டும். துவைத்த போர்வையை ஈரத்தோடு மடித்து வைக்காதே.

உன் பிரியமுள்ள
அம்மா