பட்டியலில் இல்லாத கம்பெனி

மார்ச் 4, செவ்வாய்

சாவி வந்துவிட்டது. பங்கு விலை தரும் இணையச் சேவைக்காரர்கள் மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறார்கள், நீளமான எழுத்துக் குவியல். அதைக் காட்டி, கம்பெனியின் குறியீட்டையும் தேதியையும் அவர்களுடைய ஏபிஐ என்ற கணினி வாசலில் கேட்டால் அன்றைய விலை வந்து விழுகிறது. நிமிடத்துக்கு ஐந்து கேள்விதான். ஆறாவது கேட்டால் 'பொறு' என்கிறது. பல் டாக்டரிடம் டோக்கன் வாங்கியவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 9

பத்து வருட விலைகள் முழுக்க வந்து சேர்ந்தன. அக்கா வீட்டுக்காரர் சொன்ன விதி எளிது: பாதிக்கு மேல் விழுந்த பங்கை வாங்கு, பழைய விலைக்கு ஏறியதும் விற்றுவிடு. பத்து வருடமும் அப்படி வாங்கி விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நிரல் எழுதி ஓட்டினேன். ஒரு வருடம்கூட நஷ்டம் இல்லை. மூன்று தடவை ஓட்டியும் அதே பதில்.

போன் செய்ததும் அத்தான், "நான்தான் சொன்னேன்ல," என்றார். அக்கா போனைப் பிடுங்கி, "நீ பார்த்துச் சொன்னா எனக்குப் போதும்டி," என்றாள்.

மார்ச் 15

அத்தான் வேலையை விடப் போகிறாராம். அச்சகத்தில் பதினெட்டு வருடமாகக் கணக்காளர். சேமநிதி மொத்தத்தையும் எடுத்து இதில் போடப் போகிறார். 31ஆம் தேதி கடிதம் கொடுக்கிறார்.

பயமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது, மறைப்பானேன்.

மார்ச் 22

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "எங்க கம்பெனிய போடு." அவர் ஃபோர்மேனாக இருந்த பேட்டரித் தொழிற்சாலை. ஏழு வருடத்துக்கு முன் மூடிவிட்டார்கள். போட்டேன். அப்படி ஒரு குறியீடு இல்லை என்று பதில். எழுத்தை மாற்றிப் போட்டாலும் இல்லை.

"எப்படி இல்லாம போகும்? மார்க்கெட்ல இருந்துச்சு. தினம் பேப்பர்ல பார்ப்பேன்."

"மூடின கம்பெனியெல்லாம் இதுல வராதுப்பா," என்று சிரித்தேன். எழுந்து போய் டிவியைப் போட்டுக்கொண்டார்.

மார்ச் 23

பல் தேய்க்கும்போது உறைத்தது. நேற்று அப்பாவிடம் என்ன சொன்னேன்?

மூடின கம்பெனி இதில் வராது. அப்படியென்றால், விழுந்து எழாமலே போன எதுவும் என் கணக்கில் இல்லை. இன்று உயிரோடு இருப்பவற்றின் பெயரை மட்டும் கேட்டு வாங்கிவிட்டு, விழுந்ததெல்லாம் எழுந்துவிட்டது என்று குதித்திருக்கிறேன். எழுந்ததைத்தானே கேட்டேன்? மடச்சி.

மார்ச் 25

மூடிய கம்பெனிகளின் விலையும் அதே சேவையில் இருக்கிறது. தனியாகக் கட்டணம் கட்டினால் தருகிறார்கள். கட்டினேன். எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி ஓட்டினேன்.

பத்தில் ஆறு வருடம் நஷ்டம். அதில் ஒரு வருடம், போட்டதில் பாதி காலி.

மார்ச் 26

சொல்லவில்லை.

மார்ச் 28

அக்கா பேசினாள். கடிதத்தை டைப் செய்து சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றுகிறாராம். "இவரு இப்படி சிரிச்சு நான் பார்த்ததே இல்லடி." நான் "ம்" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

என்ன ஜென்மம் நான்? வாயத் திறந்து சொல்றதுக்கு என்ன கேடு? அவர் சிரிப்ப நிறுத்துறவ நானா இருக்கணுமேன்னுதான் — இல்ல, பொய். கெட்டிக்காரின்னு வாங்கின பேரு போயிடும்னுதான்.

மார்ச் 31, திங்கள்

எட்டரைக்கே அச்சக வாசலில் போய் நின்றேன். அத்தான் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் இரண்டு தாள்களையும் நீட்டிவிட்டேன். பழைய கணக்கு ஒன்று, சரியான கணக்கு ஒன்று. ஹெல்மெட்டைக் கழற்றாமலே படித்தார்.

"இது என்னிக்குத் தெரிஞ்சுது?"

"இருபத்தஞ்சாம் தேதி."

"ஆறு நாளா?"

தாள்களை மடித்துக்கொண்டார். உள்ளே போய்விட்டார். சட்டைப் பையில் கடிதத்தின் முனை தெரிந்தது. கொடுத்தாரா, இல்லையா?

ஏப்ரல் 2

அக்கா போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 9

இன்றும் எடுக்கவில்லை. அப்பா, "என்ன, ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்றார். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 17

சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். அத்தான். கழுத்தில் அச்சகத்தின் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கழற்ற மறந்துவிட்டார் போல. அப்படியானால் வேலையை விடவில்லை. உள்ளே கூப்பிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

தண்ணீர் வாங்கிக் குடித்தார். "மூடின கம்பெனி லிஸ்ட காட்டு."

காட்டினேன். பெயர்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. கடைசிப் பெயர் வரை பார்த்துவிட்டு, "இவ்வளவா?" என்றார். "உங்கக்கா நாளைக்குப் பேசுவா. திட்டுவா, வாங்கிக்க."

சரி என்றேன். அழுகை வந்துவிட்டது.

அதற்குள் அப்பாவும் பின்னால் வந்து நின்றார். அவர் கேட்குமுன் நானே பேட்டரிக் கம்பெனியைத் தட்டினேன். வந்தது. கடைசி நாள், கடைசி விலை. அந்த விலைக்கு ஒரு டீ கூடக் கிடைக்காது.

அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அத்தானின் தோளைத் தொட்டு நகரச் சொல்லி, திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"இருந்துச்சுன்னு சொன்னேன்ல," என்றார்.