கிழக்குத் தொட்டியின் எண்

மார்ச் 3

தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையை இனி கணினி நிரலே தயாரிக்கும். ஆய்வகம் என் கணவர் தொடங்கியது. அவர் போனபின் ஒன்பது வருடமாக அறிக்கையின் கீழே என் பெயர். மருமகள் இரண்டு கருவிகளைக் காட்டினாள். நிரலோடு சேர்க்கும் லைப்ரரி என்கிறாள். ஒன்று, அவர் போட்டுவைத்த பழைய எக்செல் படிவத்தைத் திறந்து எண்களையும் சராசரியையும் தானே நிரப்புகிறது. கட்டக் கோடுகள் அங்கங்கே காணாமல் போகின்றன. மற்றது எல்லாவற்றையும் புதிதாக வரைகிறது. கோடுகள் நூல் பிடித்தாற்போல். கான்வென்ட்டில் மார்ஜின் கோணினால் சிஸ்டர் பக்கத்தையே கிழிப்பார். புதியதுதான் என்றேன்.

"அத்தை, இதுல ஒரு சிக்கல். சராசரியை இது போடாது. சூத்திரத்தை மட்டும் எழுதி வைக்கும். ஃபைலைத் திறக்கிற கம்ப்யூட்டர்தான்—"

"பின்ன கம்ப்யூட்டர் எதுக்கு இருக்கு, மேஜைக்குக் காவலா?"

புதியதையே பொருத்தினாள்.

மார்ச் 9

முதல் அறிக்கையை நீர் அதிகாரிக்கு அனுப்பியாயிற்று. கிழக்குத் தொட்டியில் கிருமி, சராசரி: 46. ஒன்றுகூட இருக்கக் கூடாது. பள்ளிப் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர். இன்றே மூடிவிடுவார்கள்.

மார்ச் 11

தண்ணீர் மாதிரி எடுத்து வருபவர் சொன்னார்: "கிழக்குல தண்ணி இன்னும் ஓடுதும்மா. ஒரு போன் போட்டுப் பாருங்களேன்."

எழுதிக் கொடுத்ததை வாசிக்கத் தெரியாத அதிகாரிக்கு நான் பாடம் எடுக்க முடியாது.

மார்ச் 16

இரண்டாம் அறிக்கை. கிழக்கு: 71. நீர் அலுவலகத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. சோம்பேறிகள். ஆனால் இத்தனை சோம்பலா?

மார்ச் 18

பள்ளியில் ஆறு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு.

மார்ச் 19

பதினான்கு. ஒரு சிறுமி கண் திறக்கவில்லையாம்.

அதிகாரியைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "ரெண்டு ரிப்போர்ட்லயும் எல்லாத் தொட்டிக்கும் பூஜ்யம்னுதானேம்மா போட்டிருக்கீங்க? போன்லதான் பாத்தேன். கீழ உங்க பேரு. அப்புறம் நான் யாரைக் கேக்கறது?"

என் போனில் திறந்தேன். பூஜ்யம். வரிசையாகப் பூஜ்யம், கட்டத்தின் நட்டநடுவில். மேஜைக் கணினியில் 71.

"போன்ல கணக்கு நடக்காது அத்தை. விடை வர்ற வரைக்கும் அந்த இடத்துல பூஜ்யம்தான் நிக்கும். அன்னிக்கு இதைத்தான்—"

இம்முறை நான் குறுக்கிடவில்லை. அவளே நிறுத்திக்கொண்டாள்.

மார்ச் 20

தொட்டியை மூடிவிட்டார்கள். சிறுமி பிழைப்பாள். சிறுநீரகம் பற்றி இப்போது சொல்ல முடியாதாம். தவறு என்னுடையது என்று நீர் அலுவலகத்துக்கு எழுதினேன். எத்தனை முறை எழுதினாலும் அது ஒரு வரிதான்.

ஏப்ரல் 6

பழைய கருவி. அவருடைய படிவம். மூன்றாவது கட்டத்துக்கு அடிக்கோடு இல்லை, விட்டுவிட்டேன். போனிலும் பார்த்தேன். கிழக்கு: 3. அதிகாரியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன், அவர் திருப்பிச் சொல்லும்வரை.

கீழே மருமகளின் பெயர்.