பன்னிரண்டாவது டேக்

அன்புக் குட்டிக்கு,

அந்த ஷாட்டைப் படத்திலிருந்து வெட்டிவிடுகிறேன் என்று போனில் சொன்னாய். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நடிகை வராததால், உன்னைப் பார்க்க வந்திருந்த என்னைக் கல்லூரி ஸ்டுடியோவில் கதவருகே நிறுத்தினாய். வெளியே கொலைகாரன் நிற்கிறான், நான் பயப்பட வேண்டும், அவ்வளவுதான். பதினொரு டேக் வீண்.

"வந்திருக்கறது கொலைகாரன்மா! கூரியர்காரரைப் பாக்கற மாதிரி பாக்கறியே!" என்று தலையில் அடித்துக்கொண்டாய். கேமரா பிடித்த உன் தோழி, "முறைக்காம பயப்படுங்க ஆன்ட்டி" என்றாள். எனக்கே சிரிப்பு வந்தது.

பன்னிரண்டாவது டேக்கில், என்னிடம் சொல்லாமல் ஒரு சத்தத்தை ஓடவிட்டாய். படத்துக்காக நம் வீட்டில் நீ பதிவு செய்தது: அப்பா வேலை முடிந்து வந்து வாசல் பூட்டில் சாவியைத் திருப்பும் சத்தம். என் கை தானாக எழுந்து முகத்தை மறைத்தது. உனக்கு 'கட்' சொல்ல வெகுநேரம் ஆயிற்று.

உன்மேல் தப்பில்லை. நீ விடுமுறைக்கு வரும் நாட்களில் அவர் குரலைக்கூட உயர்த்தியதில்லை. உனக்கு எப்படித் தெரியும்?

ஷாட்டை வெட்டாதே. திரையிடலுக்கு அப்பாவும் வருகிறார், பார்க்கட்டும். அன்று எனக்கு உன் பக்கத்தில் ஓர் இடம் பிடித்து வை. நான் பெட்டியோடு வருகிறேன்.

அம்மா