செந்தில் வீட்டு பைக்

20 செப்டம்பர் 1997, சனி. ரவுண்ட் ராக், டெக்சஸ்.

இவர் பக்கத்தில் தூங்குவதுபோல் கிடக்கிறார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

மத்தியானம் செந்தில் வீட்டில், ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுபோகும் பாட்லக் விருந்தில், இந்தக் கோயமுத்தூர்ப் பையன்கள் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். மண் டிராக்கில் இடுப்பு உடைந்து இவர் பைக் ரேஸை விட்டுப் பதினாலு வருஷம் ஆகிறது. ரசிகர்களுக்கு மட்டும் அது நேற்று நடந்த மாதிரி. செந்தில் புது பைக் வேறு வாங்கியிருக்கிறான்.

"ஏறி உக்காருங்கண்ணா, ஒரே ஒரு போட்டோ!"

வீட்டு முன்னால் கார் நிறுத்தும் டிரைவ்வேக்கு இழுத்துப்போய் ஏற்றிவிட்டார்கள். விசிலடித்தார்கள். பிறகு எல்லோரும் சாப்பிட உள்ளே வந்துவிட்டார்கள்.

"நீங்க போங்க, நான் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கேன்" என்று இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். காலைத் தூக்கி இறங்க முடியவில்லை.

வெளியே போக ஒரு சாக்கு வேண்டுமே என்று பிரியாணித் தட்டோடு போனேன். என் தோளைப் பிடித்துத் தொங்கித்தான் இறங்கினார்.

"யாராச்சும் பாத்தாங்களா?"

"ஒருத்தருமில்லீங்க."

திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். டிரைவ்வேயைப் பார்த்த கிச்சன் ஜன்னலில் பிளைண்ட்ஸ் மறைப்பு முழுக்க இறக்கியிருந்தது.

நான் பிரியாணி போடும்போது அது திறந்திருந்தது. அதன் வழியாகத்தான் இவர் முகத்தையே பார்த்தேன்.

உள்ளேயிருந்து யார் பார்த்துவிட்டு இறக்கினார்களோ, இவரிடம் சொல்லவில்லை.