வெளியே பூட்டிய கதவு

வசந்தா அப்பாவுக்கு,

எழுந்ததும் கதவை உடைத்துவிடாதீர்கள். நீங்கள் தூங்கும்போதே வாசலை வெளியே பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வசந்தாவோடு என் அம்மாவைப் பார்க்கத் திண்டிவனம் போகிறேன். கொல்லைக் கதவு உள்தாழ்தான். டூட்டிக்கு அந்த வழியாகப் போங்கள்.

பூட்டு தொங்கினால்தான் இந்தத் தெருக்காரர்கள் பேசாமல் போவார்கள். ராத்திரி முழுக்க ரயில்வே கேபினில் சிக்னல் லீவர் இழுத்துவிட்டு வருகிற மனுஷன் பகலில் படுத்தால், லீவில் இருக்கிறார் என்று ஊருக்கே நினைப்பு. எதிர்வீட்டு விருத்தாசலம் பேப்பர் படித்துக் காட்டச் சொல்லி எழுப்புகிறார். நேற்று உங்கள் அக்கா திருவெண்ணெய்நல்லூரிலிருந்து வந்து, "பட்டப்பகல்ல இன்னாடா தூக்கம், எழுந்து பேசிக்கினு இரு" என்று உலுக்கினார். "அவரு தூங்கட்டும் அண்ணி" என்றதற்கு, உங்கள் அக்கா எதிரிலேயே என்னை வாயை மூடச் சொன்னீர்கள். மூடிக்கொண்டேன். இன்றைக்குக் கதவையும் மூடிவிட்டேன்.

யார் தட்டினாலும் குரல் கொடுக்காதீர்கள், உங்கள் அக்காவே ஆனாலும்.

கேப்பைக் கூழ் அடுப்படியில் இருக்கிறது. மல்லாட்டைத் துவையல் பக்கத்துக் கிண்ணத்தில்.

முந்தாநாள் சோற்றில் கை வைத்தபடியே தூங்கிப்போனீர்கள். வசந்தா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தையல்நாயகி

சொல்ல விட்டுப்போனது: கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் நானும் வசந்தாவும் இன்று ராத்திரி பாசஞ்சரில்தான் விழுப்புரம் திரும்புகிறோம். எங்கள் வண்டிக்கு லீவர் இழுக்கப்போவது நீங்கள்தான்.

இதைப் படித்ததும் மறுபடி படுங்கள்.